தேவாரத்துக்கு ஒரு கொடி

தேவாரம் பேரூராட்சியாகட்டும் போடி நகராட்சியாகட்டும், அரசு காகிதத்தின் தலையில் நாம் பார்த்துப் பழகியது கோபுரம். மெட்டு ஏறிப் போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் சின்னம் மாறிவிடும். இரண்டு யானைகள், நடுவே சங்கு.

சங்குதான் மூத்தது. 1750இல் திருவிதாங்கூர் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, அவருடைய தாசனாக ஆளத் தொடங்கினார் மார்த்தாண்ட வர்மா. அந்த வம்சத்துக்குச் சங்கை விட்டால் வேறென்ன பொருந்தும்? 1888இல் திருவிதாங்கூர் முதன்முதலாக வெளியிட்ட அஞ்சல்தலையில்கூட மன்னர் முகம் இல்லை, சங்குதான். அதே காலத்தில் மலைக்குக் கீழே போடியில் ஒட்டிய தலையில் விக்டோரியா ராணி இருந்தார். 1956இல் செங்கோட்டை நம் பக்கம் வந்தபிறகும் அந்த ஊர் நுழைவு வளைவில் சங்கு நின்றது. எல்லை ஒரே நாளில் மாறும்; முத்திரையை அப்படிப் பெயர்த்துவிட முடியாது.

நம் கோபுரம் 1949இல் வந்தது. வரைந்தவர் மதுரை ஓவியர் கிருஷ்ணா ராவ். அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமா, மதுரை மேற்குக் கோபுரமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தேனிக்காரர்கள் எந்தக் கட்சி என்று சொல்லவும் வேண்டுமா! 1970இல் கருணாநிதி, மாநிலத்துக்கென்று ஒரு கொடியை மாதிரி வரைந்தே காட்டினார். ஒரு மூலையில் தேசியக் கொடி, இன்னொரு மூலையில் இதே கோபுரம். டெல்லி இசையவில்லை.

மாநிலத்துக்கே இந்தக் கதி என்றால் ஊருக்கு ஏது கொடி? ஜெர்மனியில் சின்னஞ்சிறு ஊருக்கும் கேடயச் சின்னம் உண்டு. போடியைவிடச் சிறிய கோபுர்க் நகரின் சின்னம், ஊர்க்காவல் புனிதர் மொரீஷியஸின் கறுப்பு முகம். 1934இல் நாஜிகள் அதை எடுத்துவிட்டு, ஸ்வஸ்திகா பொறித்த வாளை வைத்தார்கள். 1945இல் அவர்கள் வீழ்ந்ததும் பழைய முகம் திரும்பி வந்தது. மேலிடம் தந்த சின்னமாக இருந்தால் அப்படி மீட்கத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்.

நமக்கு ஒன்று வரையச் சொன்னால் எல்லாரும் ஏலக்காய் என்பார்கள். ஏலம் நடப்பது போடியில், சரி. ஆனால் காய் பெரும்பாலும் விளைவது சங்கு ராஜ்ஜியத்தில். என் ஓட்டு, விடிவதற்குள் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும் ஜீப்புக்கு.