முகாம் இன்வெர்ட்டர்

முகாம் இன்வெர்ட்டர் என்பது மின்கலத்தின் நேர் மின்னோட்டத்தை, வீட்டுக் கருவிகளை இயக்கவல்ல மாறுதிசை மின்னோட்டமாக மாற்றித் தரும் கையடக்கக் கருவி ஆகும். மின் இணைப்பில்லாத இடங்களில் தங்குவோர் இதனைப் பயன்படுத்துவர். இந்தியக் கருவிகளுக்கு இதன் வெளியீடு 230 வோல்ட்டு, 50 ஏர்ட்சு என இருத்தல் வேண்டும்.

அலை வடிவம்

இன்வெர்ட்டர்கள் சைன் அலை, திருத்திய சைன் அலை என இருவகைப்படும். பின்னது விலை குறைந்தது. ஆனால் படிக்கட்டு போன்ற அதன் அலையால் மின்விசிறி, மிக்சி போன்ற மோட்டார் கருவிகள் இரைச்சலிட்டுச் சூடேறும். மருத்துவக் கருவிகளுக்குச் சைன் அலை வகையே ஏற்றது.

திறன்

ஒரே நேரத்தில் இயங்கும் கருவிகளின் வாட் அளவுகளைக் கூட்டி, கால் பங்கு மிகையாகக் கொள்ளுதல் நன்று. மோட்டார்கள் தொடங்கும்போது இயல்பைவிடப் பலமடங்கு மின்சாரம் இழுக்கும். வோல்ட்டு-ஆம்பியரில் குறிக்கப்படும் திறன் வாட் அளவைவிடக் கூடுதலாகத் தோன்றும் என்பதையும் கருத வேண்டும்.

மின்கலம்

12 வோல்ட்டு, 100 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலம் 1200 வாட்-மணி ஆற்றலைத் தேக்கும். அது நெடுநாள் உழைக்கப் பாதியளவே பயன்படுத்தத் தக்கது. இன்வெர்ட்டரின் இழப்பு 15 விழுக்காடு எனில், எஞ்சுவது 510 வாட்-மணி. இதில் 10 வாட் விளக்கு 5 மணி நேரமும், 50 வாட் மின்விசிறி 6 மணி நேரமும், 60 வாட் மடிக்கணினி 2 மணி நேரமும் இயங்கும். இவற்றின் மொத்தத் தேவை 470 வாட்-மணி. 1500 வாட் மின்தூண்டல் அடுப்போ ஏறத்தாழ 147 ஆம்பியர் இழுக்கும். எனவே அது முகாமுக்கு ஏற்றதன்று.

பாதுகாப்பு

மின்கலத்திற்கும் இன்வெர்ட்டருக்கும் இடைப்பட்ட கம்பி தடித்ததாகவும் குறுகியதாகவும், மின்கல முனையருகே உருகி கொண்டதாகவும் இருத்தல் வேண்டும். மகிழுந்தின் சிகரெட் பற்றவைப்பான் துளையில் பொதுவாக 10 முதல் 15 ஆம்பியர் உருகியே இருப்பதால், 120 வாட்டிற்கு மேற்பட்ட சுமையைத் தவிர்த்தல் நன்று. கருவியை ஈரத்திலோ, துணியால் மூடியோ வைத்தல் கூடாது.

அஞ்செட்டிப் பகுதி

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டியைச் சூழ்ந்த காடுகளில் யானைகள் நடமாடுகின்றன. இங்குள்ள காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014 இல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்தினுள் நுழைய, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன்படி அனுமதி தேவை. எனவே தங்குமிடம் அனுமதிக்கப்பட்டதா என்பதை முன்னரே வனத்துறையிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். இத்தகைய இடங்களில் வண்டியின் மின்கலம் இரவில் வடிந்துவிட்டால், ஆபத்து நேரத்தில் வண்டி கிளம்பாது. ஆகையால் இன்வெர்ட்டருக்குத் தனி மின்கலம் வைத்துக்கொள்வதும், குறைந்த மின்னழுத்தத்தில் தானே நின்றுவிடும் வகையைத் தேர்ந்தெடுப்பதும் இன்றியமையாதன.