தேனி டூ கடற்கரை: ஒரே நாள் ட்ரிப் போறீங்களா? ஆத்துல நீந்தத் தெரிஞ்சா மட்டும் போதாது!

தேனி, போடி, கம்பம் பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீர் ஒன்றும் புதுசு இல்லை. முல்லைப் பெரியாறு, வைகை, சுருளி, கும்பக்கரை எனச் சின்ன வயசிலேயே நீச்சல் பழகியவர்கள் ஏராளம். ஆனால் கடலைப் பார்க்க எந்தப் பக்கம் போனாலும் சுமார் 200 கிலோமீட்டர் தாண்ட வேண்டும். அதனால் லீவு விட்டால் விடியும் முன்பே வேன் பிடித்து, கடலில் ஒரு ஆட்டம் போட்டுவிட்டு, ராத்திரியே திரும்புவது வழக்கம்.

இப்படிப் போகும்போது நடக்கும் பெரிய தப்பு, 'நமக்குத்தான் நீச்சல் தெரியுமே' என்று இறங்குவது. ஆற்றில் கற்ற நீச்சல் கடலில் ஏன் கைகொடுப்பதில்லை? எந்தக் கடற்கரைக்கு, எப்போது போகலாம்? பார்க்கலாம்.

எந்தப் பக்கம் என்ன கடல்?

கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைத்த பழைய தேசிய நெடுஞ்சாலை 49, போடி, தேனி வழியாகத்தான் போனது. அதாவது மேற்கே போனாலும் கடல், கிழக்கே போனாலும் கடல். ஆனால் இரண்டும் ஒரே குணம் கொண்டவை அல்ல.

மேற்கே குமுளி, கோட்டயம் வழியாக ஆலப்புழா போனால் அரபிக்கடல். கிழக்கே மதுரை வழியாக ராமேஸ்வரம் போனால் ஒரே தீவில் இரண்டு கடல்கள். அக்னி தீர்த்தம் இருக்கும் பக்கம் பாக் நீரிணை. அலை குறைவு என்பதால் இதை 'பெண் கடல்' என்பார்கள். தனுஷ்கோடியின் தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா. அலை ஆக்ரோஷமாக இருக்கும், இது 'ஆண் கடல்'. இரண்டும் சேரும் அரிச்சல்முனையில் கடலைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே குளிக்க இறங்கக் கூடாது. தூத்துக்குடி, திருச்செந்தூர் கடற்கரைகளும் மன்னார் வளைகுடாவைச் சேர்ந்தவைதான்.

எந்த மாசம் போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அரபிக்கடலும் மன்னார் வளைகுடாவும் கொந்தளிப்பாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். அப்போது அமைதியான பாக் நீரிணையும் சீறும். ஜனவரி முதல் மார்ச் வரை ஒப்பீட்டளவில் நல்ல நேரம்.

சரி, ஏப்ரல், மே? ஸ்கூல் லீவு விடும் இந்த மாதங்களில்தான் 'கள்ளக்கடல்' அதிகம் வருகிறது.

அது என்ன கள்ளக்கடல்?

பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் பலத்த காற்றால் உருவாகும் அலைகள், சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் திடீரென எழும்பிக் கரைக்குள் வரும். திருடன் போல் சொல்லாமல் வருவதால் இந்தப் பெயர்.

2024 மே 6ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நேரம் அது. இந்த எச்சரிக்கையை வெளியிடுவது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம். கிளம்புவதற்கு முந்தின நாள் செல்போனில் இதைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும்.

நீச்சல் தெரிஞ்சவங்களே ஏன் சிக்குறாங்க?

அலைகள் கரைக்குத் தள்ளும் தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்ப வேண்டும். மணல் திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளம் வழியாக அது குறுகிய ஓடைபோலப் பாய்ந்து வெளியேறும். ஆங்கிலத்தில் இதற்கு 'ரிப் கரன்ட்' என்று பெயர். சில நேரம் இதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் வீரராலும் இதை எதிர்த்து நீந்த முடியாது.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரை பொங்கும்போது, நடுவில் மட்டும் அலை இல்லாமல் அமைதியாகத் தெரியும். 'இங்கே அலை கம்மி, பிள்ளைகளை இறக்கலாம்' என்று தோன்றும். ஆபத்தான இடமே அதுதான்! மணல் கலங்கிய தண்ணீரும் நுரையும் கடலை நோக்கிப் போனால் அங்கே இறங்கவே கூடாது.

இழுத்துட்டா என்ன செய்யணும்?

வெள்ளம் ஓடும் ஆற்றில் யாரும் எதிர்நீச்சல் போட மாட்டார்கள். குறுக்கே நீந்திக் கரை ஏறுவார்கள். கடலிலும் அதே விதிதான். ஆனால் கரை கண்ணெதிரே தெரிவதால், பயத்தில் எல்லோரும் நேராகக் கரையை நோக்கி நீந்துகிறார்கள். அதுதான் இங்கே எதிர்நீச்சல்! சில நிமிடங்களில் கை கால் சோர்ந்துவிடும்.

* பதற வேண்டாம். இந்த நீரோட்டம் வெளியே இழுக்கும், அடியில் அழுத்தாது. மல்லாந்து மிதக்கலாம்.
* கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த பிறகு, அலை உடையும் இடம் வழியாகக் கரைக்குத் திரும்ப வேண்டும்.
* முடியவில்லை என்றால் மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும்.
* கரையில் இருப்பவர்கள் குதிக்கக் கூடாது. காலி தண்ணீர் கேன், பந்து, கயிறு எதையாவது வீசி, மீனவர்களையோ உயிர்காப்பாளரையோ அழைக்க வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108.

கிளம்பும் முன்...

போன உடனே அங்குள்ள மீனவர்களிடம் 'இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு அண்ணே?' என்று கேட்டுவிடுங்கள். நீரோட்டத்தை அவர்கள் 'நீவாடு' என்பார்கள். எந்த இடத்தில் இழுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் முட்டளவு தண்ணீரில் நின்றாலும் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். மது குடித்தவர்களை இறங்க விடக் கூடாது.

ராமேஸ்வரம் போய் வர மொத்தம் சுமார் 500 கிலோமீட்டர். கடலில் ஆடிய களைப்போடு ராத்திரி வண்டி ஓட்டுவதும் ஆபத்துதான். அதனால் டிரைவர் தண்ணீரில் இறங்காமல் மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்கட்டும். மாலை 4 மணிக்கே எல்லோரும் கரை ஏறிவிட்டால், அவசரம் இல்லாமல் ஊர் திரும்பலாம்.