செடி முதலில், விளக்கு பிறகு

செடி வளர்க்கும் மீன்தொட்டியில் விளக்கும் கரியமில வாயுவும் சேர்ந்தே நடக்க வேண்டியவை. வெளிச்சத்தைக் கூட்டினால் செடி அதிக வாயு கேட்கும். அது கிடைக்காவிட்டால் வளர்ச்சி தேங்கிவிடும். மிஞ்சிய வெளிச்சம் பாசிக்குப் போகும். தொட்டி வைத்த சில வாரங்களிலேயே கண்ணாடியெல்லாம் பச்சை பிடித்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் பெரிய விளக்கை முதலில் வாங்கியவர்கள். ஊர்த் தண்ணீர், அதற்கு ஒத்துவரும் செடி, அந்தச் செடிக்குப் போதுமான விளக்கு, தேவைப்பட்டால் மட்டும் வாயு: இதுவே சரியான வரிசை.

கடலூரில் கடலை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் பல வீடுகளில் கடினமானது. சோப்பு எளிதில் நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் தங்கும். கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதும் சாதாரணம். குளிர்ச்சியும் மென்னீரும் விரும்பும் சிவப்பு இலைச் செடிகளை இந்தத் தண்ணீரில் நட்டுவிட்டு, பிறகு மருந்தும் கருவியும் தேடி அலைவது வீண் செலவு.

பள்ளி ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து ஒளிச்சேர்க்கை காட்டிய ஹைட்ரில்லாவை நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பீக்கரில் ஆசிரியர் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவார். குமிழிகள் வேகமாக வரும். சோடாவில் இருப்பது பைகார்பனேட். கடின நீரிலும் பெரும்பாலும் அதுதான் நிறைய இருக்கிறது. தண்ணீரில் கரைந்த வாயு தீர்ந்தாலும் ஹைட்ரில்லாவும் நாடாபோல் நீளும் வாலிஸ்னேரியாவும் பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும். அப்படி எடுக்கும்போது இலைமேல் சுண்ணாம்பு படிந்து, தடவினால் சொரசொரப்பாக இருக்கும், அது நோயல்ல. எல்லாச் செடிக்கும் இந்தத் திறன் கிடையாது. மாஸ் எனும் பாசிச்செடிகள், பெரணிகள் பலவும் கரைந்த வாயுவை மட்டுமே நம்பியிருப்பவை.

வாலிஸ்னேரியாவுக்குப் பழைய பெருமையும் உண்டு. 1850இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் தங்கமீன், நத்தை, வாலிஸ்னேரியா மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, செடியும் உயிரினமும் ஒன்றையொன்று தாங்கும் என்று எழுதினார். அந்தத் தொட்டியில் மின்விளக்கும் இல்லை, வாயு சிலிண்டரும் இல்லை.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து வாய்க்கால்களும் வயல் வரப்புகளும் இப்படி அதிகம் கேட்காத செடிகளுக்குப் பஞ்சமில்லாத இடங்கள். நீர்ப்பிரமி ஈர வரப்பில் படர்வது. நீருக்குள் நட்டால் நிமிர்ந்து வளரும், லேசான உப்பையும் தாங்கும். கொட்டிக்கிழங்கு நிழலான மூலைக்கு அழகு. இலங்கை ஓடைகளைச் சேர்ந்த கிரிப்டோகோரைன் வென்ட்டி குறைந்த வெளிச்சத்திலேயே நிறைவாக வளரும். நட்ட புதிதில் இலைகளெல்லாம் கரைந்து போனாலும் பிடுங்கிவிடக் கூடாது, வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வாய்க்கால் செடியை நேரே தொட்டியில் போடாமல், படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்து அலசினால் நத்தை முட்டைகள் பெரும்பாலும் போய்விடும்.

அடியில் பரப்பும் மணலிலும் கவனம் வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரை மணல் பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் உப்பும் கிளிஞ்சல் துகளும் கலந்தது. மணல்மேல் வினிகரை ஊற்றிப் பார்க்கலாம். நுரைத்தால் அது தண்ணீரை மேலும் கடினமாக்கும்.

இரண்டடி நீளத் தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். மேலே சொன்ன செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் போதும். அதாவது 1,000 லூமனுக்கு மேல் போகாத வெள்ளை எல்.இ.டி. விளக்கு. 6,500 கெல்வின் நிறம் கண்ணுக்கு இயல்பாக இருக்கும், செடிக்கும் ஒத்துவரும். தினம் ஆறிலிருந்து எட்டு மணி நேரம், டைமர் வைத்து எரியவிட வேண்டும். சன்னலோர வெயில் இலவசம்தான், ஆனால் அதை அணைக்க முடியாது.

இந்த அளவோடு நிற்பவர்களுக்கு வாயு தேவையில்லை. தரையை மூடும் புல்விரிப்பும் சிவப்புச் செடிகளும் வேண்டுமென்றால் கதை வேறு. ஜப்பானிய மீன்தொட்டி வடிவமைப்பாளர் தகாஷி அமானோ உலகப் புகழ்பெறச் செய்த தொட்டிகள் பலமான விளக்கோடு சிலிண்டர் வாயுவும் பெற்றவை. அந்த வாயு கோலி சோடாவில் அடைப்பதுதான். தரம் சுத்தமாக இருந்தால் சரி. சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டில் மலிவு, ஆனால் இரவில் நிறுத்த வழியில்லை.

வாயுவின் அளவு லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை இருக்கலாம். கார்பனேட் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் வைத்துக் கணக்கிடலாம்: கடினம் 4 டிகிரி, பி.எச். 6.6 என்றால் வாயு சுமார் 30 மில்லிகிராம். கணக்குப் பிடிக்காதவர்கள் தொட்டிக்குள் தொங்கும் சிறு கண்ணாடிக் குமிழை வாங்கலாம். உள்ளே உள்ள திரவம் நீலமானால் வாயு குறைவு, பச்சையானால் சரி, மஞ்சளானால் ஆபத்து. நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும் என்பதால் குமிழைவிட மீனைக் கவனிப்பதே நல்லது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரைவது 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடுகிறது. அதனால் மே மாதத்தில் வாயுவைக் குறைத்து, விளக்கு அணையும்போதே அதையும் நிறுத்த வேண்டும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்தால் உடனே வாயுவை மூடி, காற்றுப் பம்பை ஓட்ட வேண்டும்.

கத்தரித்த செடிகளை வாய்க்காலில் வீசக் கூடாது. 1950களில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி வியாபாரத்துக்காக ஃபுளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லா அங்குள்ள ஏரிகளை அடைத்தது. வெளிநாட்டுச் செடிகள் இங்கே அதையே செய்யக்கூடும். வெங்காயத்தாமரை மூடிய ஏரிகளே அதற்குச் சான்று. கழித்த துண்டுகளை வெயிலில் காயவைத்து எருக்குழியில் போட்டுவிடலாம்.