இலட்சத்தீவுக்குச் செல்ல ஏற்ற பருவம் எது?

இலட்சத்தீவு, அரபிக்கடலில் கேரளக் கரைக்கு மேற்கே அமைந்துள்ள இந்திய ஒன்றிய ஆட்சிப் பகுதி ஆகும். 1956 நவம்பர் 1 அன்று தனி ஆட்சிப் பகுதியாக உருவாக்கப்பட்டது. 1973இல் இலட்சத்தீவு என்ற பெயரைப் பெற்றது. இங்குள்ள 36 தீவுகளின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. மக்கள் வாழும் தீவுகள் பத்து. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. தலைநகர் கவரத்தி. கொச்சியிலிருந்து தீவைப் பொறுத்து 220 முதல் 440 கிலோமீட்டர் வரை கடலில் பயணம் செய்ய வேண்டும்.

கொங்கு மண்டலத்திலிருந்து கொச்சி தொலைவில் இல்லை. திருப்பூரில் ரயில் ஏறினால் கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக நான்கைந்து மணி நேரத்தில் எர்ணாகுளம் சேரலாம். ஆகவே விடுமுறை வந்தால் தீவுக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் இப்பகுதியில் பெருகியுள்ளனர். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ தவறான பருவத்தில் சென்றால் மழையில் நனைவோம், அவ்வளவுதான். தீவுக்குத் தவறான பருவத்தில் சென்றால் கப்பல் தாமதமாகலாம், ரத்தாகலாம், திரும்பும் நாள் தெரியாமல் காத்திருக்க நேரலாம். எனவே தீவுப் பயணத்திற்குப் பருவம் பார்ப்பது என்பது முதன்மையாகக் கடலின் நிலையைப் பார்ப்பதாகும்.

ஆடிக்காற்றும் அரபிக்கடலும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக்கு அருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள கணவாய் உள்ளது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளி வழியாகப் பாய்ந்து உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் வீசுகிறது. இதையே நாம் ஆடிக்காற்று என்கிறோம். இப்பகுதியின் காற்றாலைகள் மிகுந்த மின்சாரம் தருவதும் இக்காலத்தில்தான். பின்னலாடை நிறுவனங்கள் பலவும் சொந்தமாகக் காற்றாலை வைத்திருப்பதற்கு இந்தக் காற்றே காரணம்.

மாணவர்கள் நிலப்படத்தை எடுத்துப் பல்லடத்திலிருந்து மேற்கே விரலை நகர்த்திப் பார்க்கலாம். கணவாயைக் கடந்து, கேரளக் கரையைக் கடந்து, கடலுக்குள் சென்றால் இலட்சத்தீவு வரும். நமக்கு மின்சாரம் தரும் இதே பருவக்காற்று முதலில் அந்தக் கடலைக் கலக்கிவிட்டுத்தான் இங்கு வருகிறது. பல்லடத்தில் காற்றாலைகள் வேகமாகச் சுழலும் மாதங்கள் தீவுப் பயணத்திற்கு ஏற்ற மாதங்கள் அல்ல என்பதை இதிலிருந்தே அறியலாம்.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதை அறிவிக்க இந்திய வானிலை ஆய்வுத் துறை 14 நிலையங்களின் மழையளவைக் கவனிக்கிறது. அவற்றுள் மினிக்காய், அமினி ஆகிய இரண்டும் இலட்சத்தீவில் உள்ளவை. கேரளத்தில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1 ஆகும்.

தீவின் அமைப்பு

இவை பவளப்பாறைகளால் உருவான தீவுகள். பெரும்பாலான தீவுகளில் நிலம் கிழக்கிலும், பவளத்திட்டால் சூழப்பட்ட ஆழமற்ற காயல் மேற்கிலும் அமைந்திருக்கும். நீலமும் பச்சையுமாகப் படங்களில் நாம் காணும் நீர் இந்தக் காயலே. பல தீவுகளில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க இயலாது. திட்டுக்கு வெளியே கப்பல் நிற்க, பயணிகள் சிறு படகுக்கு மாறிக் கரை சேர வேண்டும். அமைதியான கடலில் இது ஐந்து நிமிட வேலை. அலை மிகுந்த நாளில் கப்பலும் படகும் ஏறி இறங்கும் வேளையில் கால் மாற்றி வைப்பது முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்தானது.

விமான நிலையம் அகத்தித் தீவில் மட்டுமே உள்ளது. அங்குச் செல்பவை சிறிய விமானங்கள். அகத்தியிலிருந்து மற்றத் தீவுகளுக்குச் செல்ல மீண்டும் கடலையே நம்ப வேண்டும். ஆகவே விமானத்தில் சென்றாலும் பருவக் கணக்கு மாறாது.

ஆண்டின் நான்கு காலங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை: தென்மேற்குப் பருவமழைக் காலம். தீவுகளின் ஆண்டு மழையில் பெரும்பகுதி இப்போதுதான் பெய்கிறது. மினிக்காயின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர். மழையைவிடக் காற்றும் அலையுமே இங்குத் தடை. மீன்பிடி படகுகள் கரையேற்றப்படும்; சிறு கலங்களின் போக்குவரத்து பெரும்பாலும் நிற்கும். இக்காலத்தைத் தவிர்ப்பதே முறை.

அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை: கடல் தணியத் தொடங்கும், தீவு பசுமையாக இருக்கும். சுற்றுலாவும் தொடங்கிவிடும். ஆனால் இதுவே புயல் காலமும் ஆகும். 2017 நவம்பர் இறுதியில் உருவான ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கிய பின் டிசம்பர் தொடக்கத்தில் மினிக்காய், கல்பேனி உள்ளிட்ட தீவுகளைத் தாக்கியது. 2019 அக்டோபர் இறுதியில் மகா புயல் இத்தீவுகள் வழியாகவே கடந்தது.

டிசம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் வரை: மிகச் சிறந்த காலம். மழை குறைவு; காற்று மெல்லியது; காயல் அடங்கிக் கிடக்கும்; நீர் தெளிந்திருப்பதால் பவளத்தையும் மீனையும் நன்கு காணலாம். தீவு மக்களின் தொழிலும் இதற்குச் சான்று. மினிக்காய் மீனவர்கள் தூண்டிற்கழியால் சூரை பிடித்து, அவித்துப் புகையூட்டி உலர்த்தி மாசு ஆக்கும் வேலை மும்முரமாக நடப்பது இம்மாதங்களில்தான். 1885இல் கட்டப்பட்ட மினிக்காய்க் கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து தீவின் முழு வடிவத்தையும் காண்பதற்கும் தெளிவான வானம் கிடைக்கும்.

ஏப்ரல், மே: கடல் ஏப்ரலில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், வெப்பமும் புழுக்கமும் மிகும். தீவுகளில் ஆறு கிடையாது; நிலத்தடி நன்னீர் மெல்லிய அடுக்காகவே உள்ளது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005இல் கவரத்தியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தது இப்பற்றாக்குறையைக் கருதியே. சாய ஆலைகளால் நீரின் அருமையை அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடையில் செல்லும் பயணி நீரைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும்.

கோடையில் கடல்நீர் அளவுக்கு மேல் சூடானால் பவளம் வெளிறிவிடும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவில் பெரிய அளவில் இவ்வாறு நிகழ்ந்தது. அத்தகைய ஆண்டில் சென்றவர் வண்ணப் பவளத்திற்குப் பதில் வெண்ணிற எலும்புக்கூட்டையே கண்டிருப்பார். மே மாதத்தில் புயலும் உண்டு. 2021 மே நடுவில் டவ்-தே புயல் இலட்சத்தீவுப் பகுதியில்தான் உருவானது.

இன்னொன்று, ‘கள்ளக்கடல்’. தெற்கே வெகுதொலைவில் எழும் பேரலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் திருடனைப்போல் கரையேறுவதற்குக் கேரள மீனவர்கள் இட்ட பெயர் இது. ஏப்ரல், மே மாதங்களில் இது மிகுதி. 2024 மே 6 அன்று, இத்தகைய அலைகள் பற்றிய எச்சரிக்கை இருந்த வேளையில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். வானம் தெளிவாக இருப்பது கடல் பாதுகாப்பாக இருப்பதற்குச் சான்றாகாது.

நம் விடுமுறைகளும் தீவின் பருவமும்

திருப்பூரில் நீண்ட விடுமுறை என்றால் தீபாவளியே. போனஸ் கையில் வந்து, பனியன் நிறுவனங்கள் ஒரு வாரத்திற்கு மேல் மூடியிருக்கும். ஆனால் தீபாவளி வருவது அக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில். 2019இல் தீபாவளி அக்டோபர் 27. மகா புயல் உருவானது அக்டோபர் 30. தீபாவளி முடிந்த கையோடு கப்பலேற எண்ணுவோர் இக்கணக்கை மறக்கக் கூடாது. பள்ளிகளின் கோடை விடுமுறையோ வெப்பமும் கள்ளக்கடலும் சேரும் காலத்தில் வருகிறது.

நமக்குப் பொருந்தி வருவன இரண்டு: டிசம்பர் இறுதியில் வரும் அரையாண்டு விடுமுறை, சனவரி நடுவில் வரும் பொங்கல் விடுமுறை. பொங்கலுக்கு நான்கைந்து நாள்களே கிடைக்கும். கப்பலில் ஒருவழிப் பயணத்திற்கே தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம் ஆவதால், முன்னோ பின்னோ சில நாள் விடுப்புச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோடையில்தான் முடியும் என்போர் ஏப்ரலின் தொடக்க வாரங்களைத் தேர்ந்தெடுத்து, மே மாதத்தைத் தவிர்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை

1. 1967ஆம் ஆண்டு விதிகளின்படி, தீவுவாசி அல்லாத இந்தியரும் நுழைவு அனுமதி பெற வேண்டும். நல்ல பருவத்தில் இடங்கள் விரைவில் நிரம்பும். எனவே பல வாரங்களுக்கு முன்பே அனுமதிக்கும் பயணச்சீட்டுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

2. திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது இரண்டு நாள்களை ஓய்வாக விட்டுவைக்க வேண்டும். மறுநாளே தேர்வு, ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் நாள், திருமணம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

3. கடும் நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுவர வேண்டிய நிலை உள்ளது. சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளைக் கூடுதல் நாள்களுக்கும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும்.

4. தீவு மக்களில் மிகப் பெரும்பாலோர் இசுலாமியர். ரமலான் மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகர்வதால், அது நல்ல பருவத்துக்குள் விழும் ஆண்டுகளில் பகலுணவு ஏற்பாட்டை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

5. புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் வானிலை ஆய்வுத் துறையின் புயல் அறிவிப்பையும், ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் அலை எச்சரிக்கையையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். எச்சரிக்கை இருந்தால், கட்டிய பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.