கும்பகர்ணனுக்கு ஓர் இரவு

காலையில் எழுந்திருக்க அடம்பிடிக்கும் பிள்ளையை "டேய் கும்பகர்ணா!" என்று ஒரு தடவையாவது கூப்பிடாத தமிழ் வீடு உண்டா? ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு வந்தாலும் ஊறுகாய் ஜாடியோடும் இட்லித் தட்டோடும் இந்தப் பெயரும் நம்மோடு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவன் யார் என்று பிள்ளை திருப்பிக் கேட்டால், "இராவணனுடைய தம்பி, ஆறு மாதம் தூங்குவான்" என்பதோடு நம் பதில் முடிந்துவிடுகிறது.

இராமாயணத்தில் அவன் ஒரு துணைப் பாத்திரம்தான். யுத்த காண்டத்தில் எழுகிறான், போரிடுகிறான், மாய்கிறான். ஆனால் அந்தத் துணைப் பாத்திரத்துக்காக விடிய விடிய விளக்கெரியும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. அவை தமிழ்நாட்டில் இல்லை. கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கத்தில் இருக்கின்றன.

மலைக்கு அப்பால் கம்பன்

கேரளத்தில் தமிழ் என்றதும் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்கள் நம் நினைவுக்கு வரும். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை போன்ற எல்லை ஊர்களும் நினைவுக்கு வரும். அங்கெல்லாம் தமிழ் பேசும் மக்கள் இருப்பதால் தமிழ் இருக்கிறது. ஆனால் பாரதப்புழைக் கரையில், ஷொர்ணூர் வட்டாரத்தில் இருக்கும் தமிழ் வேறு விதமானது. வீட்டில் மலையாளம் பேசும் குடும்பங்கள், கம்பராமாயணப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து கோயிலில் பாடி வருகின்றன. அந்தக் கலைக்குத் தோல்பாவைக்கூத்து என்று பெயர். நடத்துகிறவர்களைப் 'புலவர்' என்றே அழைக்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால் இரு பக்கத்து மக்களும் வணிகமும் பாட்டும் காலங்காலமாக வந்து போயிருக்கின்றன. 1956-இல் மாநில எல்லை வகுக்கப்படும் வரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. கோடு பின்னால் வந்தது. கம்பன் முன்னாலேயே போய்விட்டான்!

அம்மன் பார்க்காத போர்

இந்தக் கூத்து பத்ரகாளி கோயில்களில் நடப்பது. அதற்கு ஓர் அழகான காரணம் சொல்கிறார்கள். இலங்கையில் இராம இராவண யுத்தம் நடந்தபோது காளி தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக் கொண்டிருந்தாளாம். அதனால் அந்த மகா யுத்தத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அந்தக் குறை தீர ஆண்டுதோறும் பாவைகளால் அவளுக்கு அது காட்டப்படுகிறது.

ஆகவே கோயில் வளாகத்தில் அம்மனுக்கு எதிர்முகமாகக் 'கூத்துமாடம்' என்ற நிரந்தர மேடை கட்டியிருக்கிறார்கள். அதன் நீளம் சுமார் 42 அடி. முன்னால் வெள்ளைத் துணி கட்டுவார்கள். பின்னால் 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்கேற்றுவார்கள். சன்னிதியிலிருந்து தீபம் வந்த பிறகே இந்த விளக்குகள் எரியும். மான் தோலில் துளையிட்டுச் செய்த பாவைகளின் நிழல் துணியில் விழும். போர்க் காட்சியில் தீயில் குங்கிலியப் பொடியைத் தூவினால் குப்பென்று ஒளி எழும்பும்.

ஊருக்கு ஏற்ப 7, 14, 21 இரவுகள் என்று கூத்து நீளும். கவளப்பாறை ஆரியங்காவில் 21 இரவுகள். பல ஊர்களில் நள்ளிரவுக்குப் பின் கூத்துமாடத்தின் முன்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் பாட்டையோ விளக்கத்தையோ குறைப்பதில்லை. அம்மன் பார்க்கிறாள் என்பதே கணக்கு.

உண்மையைச் சொன்னவன்

அப்படிப்பட்ட ஓர் இரவுதான் கும்பகர்ணனுடைய இரவு. கம்பர் அவனை முதலில் வேடிக்கையாகத்தான் காட்டுகிறார். எழுப்ப வந்தவர்கள் படும் பாடு பெரும்பாடு! எழுந்ததும் 600 வண்டிச் சோறும் 1200 எருமைகளும் உள்ளே போகின்றன. பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கும் இடம் இது. நாம் பெரும்பாலும் இந்த இடத்திலேயே கதையை நிறுத்திவிடுகிறோம்.

அடுத்து நடப்பதுதான் முக்கியம். அண்ணன் முன்னால் போய் நின்றவன், போர் மூண்டுவிட்டதா, சீதையின் துயரம் இன்னும் தீரவில்லையா என்று வருந்துகிறான். சீதையை விட்டுவிடு, இராமனிடம் மன்னிப்புக் கேள், தம்பி வீடணனோடு சமாதானமாகப் போ என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். அரசவையில் அத்தனை பேர் இருந்தும் அப்போது இதைச் சொன்னவன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவன்!

இராவணன் சீறுகிறான். உன்னிடம் யோசனையா கேட்டேன், நீ போய்த் தூங்கு, நான் போகிறேன் என்கிறான். அதற்கு மேல் கும்பகர்ணன் வாதாடவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள் என்று வணங்கிச் சூலத்தை எடுக்கிறான். நான் தோற்றால் நீயும் தோற்றதாகவே எண்ணிச் சீதையை விட்டுவிடு என்று மறுபடியும் சொல்கிறான். இனி உன் முகத்தில் விழிக்கப் போவதில்லை என்று விடைபெறும்போது இராவணனே கண்ணீர் விடுகிறான்.

இரண்டு தம்பிகள்

போர்க்களத்தில் அவனைக் கண்ட இராமன் வியந்து போகிறான். ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை பார்த்து முடிக்கவே பல நாள் ஆகும் போலிருக்கிறதே, யார் இவன் என்று கேட்கிறான். இராமன் இசைவோடு வீடணன் அண்ணனை அழைத்துவரப் போகிறான்.

இந்தச் சந்திப்பைக் கம்பர் மனமுருகப் பாடியிருக்கிறார். தம்பியைத் தழுவிக்கொண்ட கும்பகர்ணன், நீ ஒருவனாவது பிழைத்தாய் என்றிருந்தேனே, ஏன் திரும்பி வந்தாய், நீயும் போனால் எங்களுக்கு எள்ளும் நீரும் இறைக்க யார் இருக்கிறார்கள் என்று பதறுகிறான். இராமன் பக்கம் வா, எனக்குக் கிடைத்த அரசை உனக்கே தருகிறேன் என்கிறான் தம்பி. கும்பகர்ணன் மறுக்கிறான். நெடுநாள் வளர்த்து, போர்க்கோலமும் பூட்டி அனுப்பியவனுக்காக உயிரைக் கொடுக்காமல் போகமாட்டேன், உனக்கு அறம் எதுவோ அதை நீ செய், எனக்கு உரியதை நான் செய்கிறேன் என்கிறான். வீடணன் அழுதுகொண்டே திரும்புகிறான்.

யார் செய்தது சரி? அநியாயம் என்று தெரிந்ததும் விலகி வந்தவனா? அநியாயம் என்று தெரிந்தும் சோறிட்டவனுக்காக நின்றவனா? இந்தக் கேள்வி புத்தகத்துக்குள் மட்டும் இருப்பதில்லை. உடன்பிறந்தாரில் ஒருவர் ஊரில் தங்கியதும் இன்னொருவர் கடல் கடந்து வந்ததுமான குடும்பங்களுக்கு இதன் கனம் நன்றாகவே தெரியும். கம்பர் இருவரில் ஒருவரையும் இழிவாகப் பேசவில்லை. கடைசியில் கை கால் இழந்து கிடக்கும் கும்பகர்ணன் இராமனிடம் கேட்பது இரண்டே வரங்கள். இராவணனிடமிருந்து என் தம்பியைக் காப்பாற்று என்பது ஒன்று. மூக்கறுந்த என் முகத்தை யாரும் காணாதபடி தலையைக் கடலில் வீழ்த்திவிடு என்பது மற்றொன்று. பகைவனிடமே தம்பியை ஒப்படைத்துவிட்டுச் சாகிறான்!

கூத்துமாடத்துக்கு வெளியே

இந்தக் கலையைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஷொர்ணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர். அவருடைய மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நெடுங்காலம் ஆண்களே நடத்தி வந்த இக்கலையில் அந்தக் குடும்பத்துப் பெண்களும் இப்போது பாவை பிடிக்கிறார்கள். வெளி மேடைகளுக்காக ஒரு மணி நேரக் கூத்தும் உண்டு. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் இராமனும் இராவணனும் வந்துபோகவே பொழுது சரியாக இருக்கும். கும்பகர்ணன் போன்றவர்களுக்குப் பேச நேரம் கிடைப்பது கோயில் கூத்துமாடத்தில்தான். அந்த நீண்ட இரவுகள் குறைந்தால் முதலில் வாயடைத்துப் போவார்கள் இந்தத் துணைப் பாத்திரங்கள்.

தாய்மொழி தமிழ் அல்லாதவர்கள், கேட்க ஆளில்லாத நள்ளிரவிலும் ஒரு பாட்டைக்கூட விடாமல் தமிழைப் பாதுகாத்து வருகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க நேரமில்லை, கேட்க ஆளில்லை என்று சலித்துக்கொள்ளும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜனவரியிலிருந்து மே வரை கூத்துக் காலம். கோவையிலிருந்து ஷொர்ணூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். அந்த மாதங்களில் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், கும்பகர்ணன் இரவு எந்தக் கோயிலில் என்று விசாரித்துக்கொண்டு பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். போவதற்கு முன்னால் அந்த இரண்டு தம்பிகளின் கதையை முழுவதுமாகச் சொல்லிவிடுங்கள். யார் பக்கம் நியாயம் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.