உலக்கையைத் துள்ளவைக்கும் மீன்

சம்பலுக்கு மாசி இடிக்கும்போது உலக்கையே துள்ளுகிறது, இதை மீன் என்று எப்படி நம்புவது என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நியாயமான சந்தேகம். நெத்திலியும் வாளையும் கருவாடாகும் விதம் எல்லோருக்கும் தெரியும். சூரை மீனில் செய்யும் மாசியின் சங்கதி வேறு. இங்கே உப்பைவிட நெருப்புக்கும் புகைக்கும்தான் வேலை அதிகம்.

மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் இது பரம்பரைத் தொழில். உயிருள்ள பொடிமீனைக் கடலில் இறைப்பார்கள். அதைத் தின்ன மேலே வரும் சூரைக் கூட்டத்தைக் கழித்தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சுண்டிப் படகில் போடுவார்கள். தலையும் குடலும் முள்ளும் நீக்கி, நீளவாக்கில் நாலு துண்டாக்கி, உப்புநீரில் வேகவைத்து, பரணில் அடுக்கிப் புகை போடுவார்கள். பிறகு வெயில். ஐந்து கிலோ மீனுக்கு ஒரு கிலோ மாசி தேறினால் அதிகம். வெந்த நீரையும் கொட்டுவதில்லை. மாலத்தீவில் அதைச் சுண்டக் காய்ச்சி ‘ரிஹாகுரு’ என்னும் கரிய விழுதாக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள்.

1340களில் மாலத்தீவில் காஜியாக இருந்த பயணி இபுனு பதூதாவும் இதையே எழுதிவைத்திருக்கிறார்: மீனை நாலாக வெட்டி, இலேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் இட்டுப் புகையில் தொங்கவிடுகிறார்கள்; இந்தியா, சீனா, ஏமன் வரை அனுப்புகிறார்கள். எழுநூறு ஆண்டு ஆகப்போகிறது, செய்முறை பெரிதாக மாறவில்லை.

கெட்டித்தன்மைக்குக் காரணம், சூரையின் சதையில் கொழுப்பு குறைவு. வெந்து உறைந்த புரதத்திலிருந்து நீர் வெளியேற வெளியேற, இழைகள் இறுகிக் கட்டையாகின்றன. கொழுத்த மீனில் இதே வேலையைச் செய்தால் எண்ணெய் சிக்கடித்துப் போகும்.

என்னை விடாமல் பிடித்திருப்பது அதன் ருசி. உயிருள்ள தசை ஏடிபி என்ற பொருளை எரிபொருளாகக் கொண்டு இயங்குகிறது. மீன் செத்தபின் அந்த ஏடிபி படிப்படியாகச் சிதைகிறது. நடுவில் ஒரு படியில் ஐனோசினேட் உருவாகிறது. ருசி அதில்தான் இருக்கிறது. அப்படியே விட்டால் நொதிகள் அதையும் சிதைத்துக் கசப்புப் பொருளில் கொண்டுபோய் விடும். கொதிநீர் நொதிகளின் கதையை முடிக்கிறது, ருசி அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது அம்மா ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, சட்டென்று அடுப்பை அணைப்பாள். முந்தினால் மாவு சேராது, பிந்தினால் கல்லாகும். மாசிக்காரர் பிடிப்பதும் அப்படி ஒரு பதம்தான்.

ருசிக்குக் காரணம் இந்த ஐனோசினேட்தான் என்று 1913இல் இனங்கண்டவர் ஜப்பானின் சிந்தாரோ கொடாமா. அவர் ஆராய்ந்தது ‘கட்சுவோபுஷி’யை, அதுவும் இதே சூரையை வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்தது, உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சணமும் ஏற்றுவார்கள். ஐனோசினேட்டோடு குளுட்டமேட் என்ற இன்னொரு ருசிப்பொருள் சேர்ந்தால் ருசி பல மடங்காகும். தக்காளியில் குளுட்டமேட் நிறைய உண்டு. மாசித்தூள் ஒரு சிட்டிகை விழுந்த தக்காளித் தொக்குக்குக் கூடுதலாக ஒரு கவளம் சோறு இறங்குவது இதனால்தான்.

இனி என் ஆதங்கம். சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதைத் தின்றால் முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலை வலிக்கும். ஹிஸ்டமின் ஒருமுறை உண்டாகிவிட்டால் வேகவைத்தாலும் புகைபோட்டாலும் காயவைத்தாலும் போகாது. ஆக மாசியின் தரம் பரணில் முடிவாவதில்லை. படகில் ஐஸ் இருந்ததா, எத்தனை நேரத்தில் உலைக்குப் போனது என்பதில் முடிவாகிறது. நாமோ கடையில் விலையை மட்டும் பேரம் பேசுகிறோம். விற்காமல் மிஞ்சி, நொந்துபோன மீனெல்லாம் கடைசியில் மாசிக்குத்தானே என்ற அலட்சியம் எங்கே இருந்தாலும், அதற்கு நம்முடைய பேரமும் ஒரு காரணம்.

கட்சுவோபுஷியைச் சீவுவதற்கென்றே ஜப்பானியர் இழைப்புளி பதித்த பெட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு கட்டைகளைத் தட்டி, கணீரென்று ஒலிக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதே மீன் நம் கடை மூலையில் ஊர் பேர் தெரியாத சாக்கில் கிடக்கிறது. பொட்டலத்தில் செய்த ஊரையும் தேதியையும் அச்சிடப் பெரிய செலவாகாது. கேட்க ஆள் இல்லாததால் பலர் அச்சிடுவதில்லை.

எனவே வாசகிக்கு என் பதில்: தாராளமாக நம்புங்கள், அது மீன்தான். தூளாக வாங்காமல் முழுத்துண்டாக வாங்குங்கள். தூளில் எதைக் கலந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஊர் மாசி, எப்போது போட்டது என்று கடைக்காரரைக் கேளுங்கள். முதல் தடவை முறைப்பார். நாலு பேர் கேட்டால், அடுத்த சரக்கு எடுக்கும்போது அவரே கேட்டுக்கொண்டு வருவார்.