கண்ணுக்குள் ஒரு லென்ஸ்!
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

லேத்தும் மில்லிங் மெஷினும் சுற்றுகிற இடத்தில் படிக்கிற நமக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இன்றைய நவீன அறுவைச் சிகிச்சைகளில் பாதி வேலையை டாக்டரின் கை செய்கிறது என்றால், மீதிப் பாதியைச் செய்வது நாம் பாடத்தில் படிக்கிற பம்ப்பும், பீசோ கிரிஸ்டலும், லேத்தும்தான். இதற்கு நல்ல உதாரணம் கண்புரை ஆபரேஷன். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இதற்காகக் காத்துக்கொண்டிருக்கலாம் என்பதால் இதையே எழுத எடுத்துக்கொண்டேன்.

புரை என்றால் என்ன?

நம் கண்ணை ஒரு கேமரா என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் கண்ணாடி மாதிரியான பகுதி கருவிழி. அதற்குப் பின்னால், பாப்பாவுக்கு நேர் பின்புறம், ஒரு மெல்லிய பைக்குள் இயற்கையான லென்ஸ் இருக்கிறது. பின் சுவரில் ஃபிலிம் போல இருப்பது விழித்திரை. வயதாக ஆக, லென்ஸில் உள்ள புரதம் மாறுபட்டு, தெளிவாக இருந்த லென்ஸ் மங்கத் தொடங்குகிறது. முட்டையின் வெள்ளைக் கரு வெந்தால் வெளுத்துப்போகிறதே, ஏறக்குறைய அந்த மாதிரி. இதுதான் புரை. சர்க்கரை நோய், கண்ணில் அடிபடுதல், ஸ்டீராய்டு மருந்தை நீண்டநாள் உபயோகித்தல் ஆகியவற்றாலும் வரும். புரை என்பது கண்ணின் மேல் வளரும் சதை அல்ல. உள்ளே இருக்கும் லென்ஸே கெட்டுப்போவது. அதனால்தான் எந்தச் சொட்டு மருந்தாலும் அதைக் கரைக்க முடியவில்லை. கெட்டுப்போன பார்ட்டைக் கழற்றி வேறு பார்ட் மாட்டுவதுதான் ஒரே வழி!

சோடாபுட்டிக் கண்ணாடி காலம்

முன்பெல்லாம் லென்ஸை அப்படியே முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள். பெரிய வெட்டு, பல தையல். தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து நோயாளியை நாள்கணக்கில் படுக்க வைத்த காலமும் உண்டு. லென்ஸ் போய்விட்டதால் அதற்குப் பதில் சுமார் +10 டயாப்டர் பவரில் தடிமனான கண்ணாடி கொடுப்பார்கள். அதைத்தான் ஊரில் சோடாபுட்டிக் கண்ணாடி என்பார்கள். அதைப் போட்டால் பொருள்கள் கால்வாசிக்கு மேல் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. படி இறங்கும்போது கால் தடுமாறும். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருட்டாட்டம்தான்.

போர் விமானம் கொடுத்த யோசனை

இந்த நிலைமையை மாற்றியவர் ஹெரால்டு ரிட்லி என்ற ஆங்கிலேயக் கண் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் குண்டு பட்டு, விமானத்தின் காக்பிட் மூடி சிதறி, அதன் துண்டுகள் சில விமானிகளின் கண்ணுக்குள் தைத்திருந்தன. அந்த மூடி பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. சாதாரணமாக அந்நியப் பொருள் ஏதாவது கண்ணுக்குள் போனால் கண் சிவந்து வீங்கிவிடும். ஆனால் இந்தப் பிளாஸ்டிக் துண்டுகள் உள்ளேயே கிடந்தும் கண் சும்மா இருந்ததை ரிட்லி கவனித்தார். அப்படியானால் இதிலேயே லென்ஸ் செய்து உள்ளே வைத்தால் என்ன?

1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் அதைச் செய்தும் காட்டினார். லென்ஸ் நின்றது. ஆனால் பவர் கூடிப்போய், அந்த நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது! சக டாக்டர்கள் பலர் பல வருஷம் அவரை எதிர்த்தார்கள். கடைசியில் உலகமே அவர் வழிக்கு வந்தது. முதுமையில் அவர் கண்ணுக்கும் அதே மருத்துவமனையில் உள்விழி லென்ஸ் வைக்கப்பட்டது. 2000-இல் சர் பட்டமும் கிடைத்தது.

அந்தப் பெர்ஸ்பெக்ஸ் என்ன தெரியுமா? கடை போர்டு செய்ய வெட்டி ஒட்டுகிறார்களே, அதே அக்ரிலிக் இனம்தான். பாலிமெதில் மெதாக்ரிலேட் என்று மெட்டீரியல் பாடத்தில் வரும். கண்ணுக்கென்று மிகச் சுத்தமாகத் தயாரிக்கப்படுவது மட்டும் வித்தியாசம்.

நிமிடத்தில் உடையும் புரை

ரிட்லிக்கு அடுத்த பெரிய மாற்றம் 1967-இல் வந்தது. அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மன் பல் டாக்டரிடம் போயிருந்தபோது, பல்லின் காரையை எடுக்கும் அல்ட்ராசானிக் கருவியைப் பார்த்தார். பல்லை ஆட்டாமல் காரையை மட்டும் எடுக்கிறதே, இதையே புரைக்கும் பயன்படுத்தினால்? அதிலிருந்து பிறந்ததுதான் ஃபேக்கோ முறை.

பேனா மாதிரி ஒரு ஹேண்ட்பீஸ். அதற்குள் பீசோ எலெக்ட்ரிக் கிரிஸ்டல். மின்சாரம் கொடுத்தால் வினாடிக்குச் சுமார் 40,000 தடவை அதிரும். முனையில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள டைட்டானியக் குழல் ஊசி. அது முன்னும் பின்னும் போகும் தூரம் 100 மைக்ரானுக்குள்தான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. அதிலேயே புரை பொடிப்பொடியாக உடைகிறது. உடைந்த தூளை அதே ஊசியின் துளை வழியாகப் பம்ப் உறிஞ்சிவிடும். வெட்டு 3 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடுவதால் தையலே தேவையில்லை.

இனி நம் ஹைட்ராலிக்ஸ் வாத்தியாரை நினைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சிக்கொண்டே இருந்தால் கண்ணின் முன்னறை காலியாகி அமுங்கிவிடாதா? அமுங்கும். அதனால் மேலே தொங்கும் பாட்டிலிலிருந்து உப்புநீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருக்க வேண்டும். சில சமயம் ஊசி முனையை ஒரு துண்டு அடைத்துக்கொள்ளும், குழாயில் வேக்கம் ஏறும். அடைப்பு திடீரென்று விடுபட்டால் ஒரே இழுப்பு! இதற்கு சர்ஜ் என்று பெயர். லென்ஸ் பையின் பின்சுவர் தடிமன் சுமார் 4 மைக்ரான்தான். அந்த இழுப்பில் அது கிழிந்தால் புது லென்ஸை வைக்க இடம் கெட்டுவிடும். எனவே டாக்டரின் காலடியில் ஒரு பெடல் இருக்கிறது. முதல் நிலையில் தண்ணீர் மட்டும். இன்னும் அழுத்தினால் உறிஞ்சலும் சேரும். மூன்றாம் நிலையில்தான் அல்ட்ராசவுண்ட். இரண்டு கை, ஒரு கால், மைக்ராஸ்கோப்பில் கண் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

புரை போனதும் காலியான பைக்குள் புது லென்ஸ். மடக்கக்கூடிய லென்ஸை சுருட்டி அதே சின்னத் துளை வழியாக உள்ளே செலுத்தினால், அது உள்ளே போய்ப் பூ மாதிரி விரிந்துகொள்ளும்.

எந்த பவர்? இதோ நம் கணக்கு!

சரி, ரிட்லிக்குத் தப்பிப்போன பவரை இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கண்ணின் நீளத்தை அளக்கிறார்கள். ஏ-ஸ்கேன் கருவி அல்ட்ராசவுண்ட் அலையை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும். கண்ணுக்குள் ஒலியின் சராசரி வேகம் வினாடிக்கு 1550 மீட்டர். 23.5 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணில் அலை போய்த் திரும்ப ஏறக்குறைய 30 மைக்ரோ செகண்ட். இப்போது ஒளியால் அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

பிறகு பவர் = A − 2.5L − 0.9K என்பது எஸ்.ஆர்.கே. சூத்திரம். A என்பது லென்ஸ் வகைக்கான மாறிலி, L கண்ணின் நீளம், K கருவிழியின் வளைவுத் திறன். A 118.4, L 23.5, K 44 என்று போட்டுப் பாருங்கள்: 118.4 − 58.75 − 39.6 = 20.05. ஏறக்குறைய 20 டயாப்டர் லென்ஸ். இன்று இதைவிட நுட்பமான சூத்திரங்கள் உபயோகத்தில் உள்ளன என்றாலும், அடிப்படை புரிய இது போதும்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அளப்பவர் ப்ரோபைக் கண்ணில் கொஞ்சம் அழுத்திப் பிடித்து, நீளம் 1 மில்லிமீட்டர் குறைவாகக் காட்டிவிட்டால், லென்ஸ் பவர் 2.5 டயாப்டர் மாறிவிடும். டாக்டர் எவ்வளவு அழகாக ஆபரேஷன் செய்திருந்தாலும் பார்வை சரியாக வராது. மெட்ராலஜி லேபில் ரீடிங்கைப் பக்கத்து நண்பனைப் பார்த்து எழுதுபவர்கள் கவனிக்க!

மதுரையில் செய்த லென்ஸ்

அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையாலேயே அவர் ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஆபரேஷன் செய்தவர். அங்கே தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். நம் புரொடக்ஷன் பாடத்தில் வரும் அசெம்பிளி லைன் மாதிரி!

ஆனால் லென்ஸ் விலைதான் தடையாக நின்றது. வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலருக்கு மேல். ஏழை எங்கே போவான்? 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி, சுமார் 10 டாலருக்குள் லென்ஸ் கிடைக்கச் செய்தார்கள். அக்ரிலிக்கை லேத்தில் கடைந்து, மில்லிங் செய்து, பாலிஷ் போட்டு, கிருமி நீக்கிப் பெட்டியில் அடைக்கிறார்கள். நடுவில் உள்ள வட்டம் 6 மில்லிமீட்டர் அளவு, பிடிப்புக் கால்களோடு சேர்த்துச் சுமார் 13 மில்லிமீட்டர். விலை உயர்ந்த ஃபேக்கோ மெஷின் இல்லாமலே, 6, 7 மில்லிமீட்டர் அளவில் தானே மூடிக்கொள்ளும் சுரங்க வெட்டுப் போட்டுச் செய்யும் முறையும் நம் நாட்டில் ஏராளமான ஏழைகளுக்குப் பார்வை கொடுத்திருக்கிறது.

‘முத்தட்டும்’ என்ற வார்த்தை

எங்கள் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. எப்போது கேட்டாலும் “முத்தட்டும் ராசா, அறுப்பு முடியட்டும், கத்திரி வெயில் போகட்டும்” என்பார். அரிசியில் கல் பொறுக்கத் தெரியவில்லை என்று மருமகள்கள் சலித்துக்கொண்டார்கள். பிறகு அவரே மூலையில் உட்கார்ந்துவிட்டார். கேட்டால் “எனக்கு எதுக்கு இனிமே கண்ணு?” என்பார். எனக்கு அந்த வார்த்தைதான் தாங்கவில்லை. கடைசியில் முகாமுக்குக் கூட்டிப்போனோம். கட்டுப் பிரித்த அன்று என்னைப் பார்த்து, “என்னய்யா இப்படி இளைச்சுப் போய்ட்ட?” என்றார். இரண்டு வருஷமாக அவர் என் முகத்தையே சரியாகப் பார்க்கவில்லை என்பது அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோருக்கும் உறைத்தது.

நண்பர்களே, வீட்டில் சொல்லுங்கள்:

1. புரை முத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலானால் டாக்டரைப் பார்க்கலாம். மிகவும் முத்தினால் புரை கல்லாகி, ஆபரேஷன்தான் கஷ்டமாகும். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பே கெடவும் கூடும்.

2. வெயில் காலம், மழைக் காலம் என்ற வித்தியாசம் இல்லை.

3. மயக்க ஊசி என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்குக் கண்ணை மட்டும் மரக்கச் செய்தால் போதும்.

4. சில மாதமோ வருஷமோ கழித்து மறுபடி மங்கினால் ‘புரை திரும்ப வளர்ந்துவிட்டது’ என்பார்கள். அப்படியல்ல. லென்ஸ் பையின் பின்சுவர் மங்கியிருக்கலாம். யாக் லேசரால் அதில் சின்ன ஜன்னல் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.

5. சொல்கிற வாரம்வரை சொட்டு மருந்து போட வேண்டும். கண்ணைக் கசக்கக்கூடாது, அழுக்குத் தண்ணீர் படக்கூடாது. வலியோ, சிவப்போ, பார்வைக் குறைவோ வந்தால் மறுநாளைக்குத் தள்ளாமல் உடனே ஓட வேண்டும்.

6. மங்கல் எல்லாமே புரை அல்ல. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுத்திருக்கலாம், கண் நீர் அழுத்தமும் இருக்கலாம். அந்தப் பார்வை போனால் லென்ஸ் மாற்றித் திரும்பாது. ஆகவே சோதனை அவசியம்.

பீசோ கிரிஸ்டலும் பம்ப்பும் உள்ள இந்தக் கருவிகளைச் செய்யவும், பழுது பார்க்கவும், சரியாக அளக்க வைக்கவும் ஆட்கள் வேண்டும். டிப்ளமோ முடித்த நம் கைகளுக்கும் அதில் வேலை இருக்கிறது. அது பிறகு. இந்த செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனதும் முதலில் செய்ய ஒன்று உண்டு. தாத்தா பாட்டியை வாசலில் உட்கார வைத்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டு ஜன்னல் கம்பியை எண்ணச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கண்ணைப் பொத்தச் சொல்லுங்கள். எண்ணத் தெரியவில்லை என்றால் அடுத்த வாரமே கூட்டிப் போங்கள். முத்தட்டும் என்று அவர்கள் சொன்னால், விடாதீர்கள்!